குளிர்ந்த கடலும் வளரும் எலும்பும்

வட கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் கடற்கரையில் இருபது முப்பது ஆண்டுகளாக அலைச்சறுக்கைத் தம் வாழ்வின் ஓர் அங்கமாகவே கொண்டுவிட்ட ஒருவருடைய காதினுள் வைத்தியர் விளக்குக் கருவியைச் செலுத்திப் பார்ப்பாராயின், செவிப்பறை தெரியவேண்டிய இடத்தில் அது முழுமையாகத் தெரியாமல், மெல்லிய தோல் போர்த்த வெண்மையான இரண்டு மூன்று மேடுகள் குழலின் சுவரிலிருந்து எழும்பி, ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கி, நடுவே குறுகிய இடுக்கு மாத்திரம் எஞ்சியிருப்பதைப் பல சமயங்களில் காண்பார். தொட்டுப் பார்த்தால் அவை கடினமாக இருக்கும்; அவை எலும்பு. ‘சர்ஃபர்ஸ் இயர்’ என்று மேல்நாட்டு அலைச்சறுக்கு வீரர்கள் வழங்கும் நோய் இதுவே.

நமது செவிக்குழல் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதன் வெளிப்புறம் குருத்தெலும்பால் ஆனது; உட்புறமோ எலும்பைக் குடைந்த குழல். சரீரத்தின் பிற பாகங்களில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே கொழுப்பும் தசையும் அமைந்து குளிரைத் தடுத்து நிற்க, இவ்விடத்தில் மட்டும் அத்தகைய காப்பு எதுவுமின்றி, மிக மெல்லிய தோல் எலும்பைப் போர்த்திய சவ்வின் மீதே நேராகப் படிந்திருக்கிறது. குளிர்ந்த நீர் உள்ளே புகும்போது இரத்தக் குழாய்கள் சுருங்கி, பின்னர் விரிந்து, சவ்வில் அழற்சி உண்டாக, அந்த அழற்சியின் தூண்டுதலால் எலும்பை ஆக்கும் அணுக்கள் விழித்துக்கொண்டு புதிய எலும்பைப் படியச் செய்கின்றன என்பதே இன்று பெரும்பாலான நிபுணர்கள் ஏற்கும் விளக்கம். அறுவை செய்து எடுத்த மேட்டைப் பூதக்கண்ணாடியின் கீழ் நோக்கினால், வெங்காயச் சருகுகள் போல் அடுக்கடுக்காக எலும்பு படிந்திருப்பது தெரியும்.

குளிர் நீரே காரணம் என்ற எண்ணம் புதிதன்று. 1938ஆம் ஆண்டிலேயே வான் கில்ஸ் என்ற ஹாலந்து நாட்டு வைத்தியர், குளிர்ந்த நீரில் நீந்துவோரிடமே இம்மேடுகள் தோன்றுவதைக் கவனித்து எழுதினார். 1942இல் ஃபௌலர், ஆஸ்மன் என்ற இரு அமெரிக்கர்கள் கினிப்பன்றிகளின் காதுகளில் குளிர்நீரைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் புதிய எலும்பு வளர்வதை நேரில் கண்டனர்.

ஆயினும் இந்த நோயின் சரித்திரம் அலைச்சறுக்கின் சரித்திரத்தைவிட மிகமிகத் தொன்மையானது. வட சிலியின் கரையை ஒட்டிக் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுகிறது. அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகளின் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்கள், கடலோர மக்களிடம், அதிலும் ஆண்களிடம், இவ்வெலும்பு மேடுகள் மிகுந்திருப்பதையும், மலைநாட்டு மக்களிடம் அவை காணப்படாததையும் கண்டார்கள். அதற்கும் அப்பால், 2019இல் எரிக் டிரிங்காஸ் என்ற மானிடவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 77 ஆதிமனிதர்களின் செவி எலும்புகளைச் சோதித்தபோது, அவற்றுள் இருந்த 23 நியாண்டர்தால் மனிதர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இம்மேடுகள் இருந்தன. அம்மனிதர்கள் ஆறுகளிலும் கரையோரங்களிலும் இறங்கி உணவு தேடினார்கள் என்று அறிஞர்கள் இதனால் ஊகிக்கிறார்கள். எழுத்தும் சிற்பமும் விட்டுச் செல்லாத ஒரு ஜனசமூகத்தின் அன்றாடத் தொழிலை அவர்களுடைய காதெலும்பு நமக்குச் சொல்லுகிறது என்பது எத்துணை வியப்புக்குரியது!

இவ்வளவு பழைய நோய் நம் காலத்தில் மீண்டும் பெருகியதற்கு ஒரு நல்ல கண்டுபிடிப்பே துணையாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பௌதிக நிபுணர் ஹ்யூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் கடற்படை முக்குளிப்போருக்காக நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் உடை அமைக்க வழி கண்டார். 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்த ஜாக் ஓ’நீல் என்பவர் அத்தகைய உடையை அலைச்சறுக்கு வீரர்களிடையே பரப்பினார். அதற்கு முன்னர், பத்து முதல் பதினைந்து டிகிரி வரையே வெப்பமுள்ள அக்கடலில் சிறிது நேரம் நின்றாலே உடல் நடுங்கிக் கரையேறியவர்கள், இவ்வுடை வந்தபின் மணிக்கணக்கில் அலைக்காகக் காத்திருக்கலாயினர். மார்பும் முதுகும் கதகதப்பாக இருந்தன. காது மட்டும் வெறுமையாக, நீருக்கும், நீரை ஆவியாக்கி மேலும் குளிரச் செய்யும் காற்றுக்கும் இலக்காயிற்று.

நோய் முற்றும் வரை வலி இராது என்பதுதான் இதில் வருந்தத்தக்க அம்சம். முதலில் கடலை விட்டு வந்தபின் வெகுநேரம் காதில் நீர் தங்கும். தலையைச் சாய்த்துத் தட்டினாலும் வெளிவராது. பின்னர் அழுக்கும் நீரும் இடுக்கில் சிக்கிச் சீழ் பிடிக்கும். இறுதியில் கேள்வி மந்தமாகும். முற்றிய நிலையில், நுண்ணிய உளியாலோ துளைக்கருவியாலோ, அந்த மெல்லிய தோலையும் செவிப்பறையையும் காத்துக்கொண்டு எலும்பைச் செதுக்கி எடுப்பதே சிகிச்சை. அதன்பின் பல வாரங்கள் கடலில் இறங்கலாகாது. மீண்டும் காதைக் காக்காமல் குளிர்நீரில் இறங்கினால் மேடுகளும் மீண்டும் வளரும். காதடைப்பானும் தலைமூடியும் அணிவதால் இந்நோய் தடுக்கப்படும் என்றிருக்க, பலர் அறுவைக்குப் பின்னரே அவற்றை அணியத் தொடங்குவது என் மனத்தை உறுத்துகிறது.

வங்கக் கடல் வெதுவெதுப்பானது. ஆதலால் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகை பிடிக்கும் நம் இளைஞர்கள் இந்நோய்க்கு அதிகம் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் வெதுவெதுப்பான கடலிலும் மனத்திற்கொள்ளவேண்டிய வேறோர் எச்சரிக்கை உண்டு. ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு நகரத்து வைத்தியர்கள் 2004இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்பதின்மரும் முதன்முறையாக அலைச்சறுக்குக் கற்க வந்தவர்கள், விழவுமில்லை, அடிபடவுமில்லை. பலகையில் குப்புறப் படுத்து, முதுகை வில்லாக வளைத்துத் தலையை நிமிர்த்தித் துடுப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதுகில் வலி கண்டு, சிறிது நேரத்திற்குள் கால்கள் மரத்துத் துவண்டன, சிறுநீரும் தடைப்பட்டது. முதுகு நெடுநேரம் பின்னோக்கி வளைந்திருந்ததால் தண்டுவடத்துக்குச் செல்லும் இரத்தம் குறைந்தது என்றே வைத்தியர்கள் கருதுகிறார்கள். தண்டுவடத்தைத் தாக்கும் இந்நோய் மிக அரிது. ஆனால் கண்டவர்களில் சிலர் முழுமையாகத் தேறினாலும், சிலருக்குக் கால்களின் வலிமை திரும்பவில்லை.

ஆகவே, இவ்வழகிய விளையாட்டைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் என் வேண்டுகோள் இது: முதல் நாள் பயிற்சியில் நெடுநேரம் படுத்தபடியே இராமல் இடையிடையே பலகையின்மீது எழுந்து உட்காருங்கள், திடீரென முதுகு வலித்தாலோ, கால் மரத்தாலோ, இன்னும் ஓர் அலை பார்ப்போம் என்று நில்லாமல் அக்கணமே கரைக்கு வந்து, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.