கலத்திற் பிரிவும் நீராவிக் கப்பலும்

தொல்காப்பியர் அகத்திணையியலிற் பிரிவினை வகுத்துரைக்குமிடத்து, கடல்வழிச் செல்லும் பிரிவிற் பெண்ணை உடன்கொண்டு போதல் வழக்கன்று என ஒரு விதி செய்துள்ளார். 'முந்நீர் வழக்கம்' என அவர் கூறியதை இளம்பூரணர் கடற்செலவு எனக் கொண்டு, காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு என்னும் இரண்டனுள் பின்னதற்கே இவ்விலக்கு உரியது என்பர். நச்சினார்க்கினியரோ கடல் எனக் கொள்ளாது, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மையாற் செல்லும் செலவு எனப் பொருளுரைத்தார். இளம்பூரணர் உரையே நேரிது என்பது எம் கருத்து. தலைவனோடு கலமேறிய தலைவியைச் சங்கச் செய்யுட்களிற் காண்டல் அரிது; கானல்வழி நின்று கலம் மறையும் துணையும் நோக்கியிருப்பவளாகவே அவள் நமக்கு அறிமுகமாகிறாள்.

இவ்வழக்கம் எப்பொழுது, யாரால் மாறியது? புலவராலும் அன்று, இலக்கண நூலாராலும் அன்று. விக்டோரியா அரசியார் காலத்துக் குடிபெயர்வுச் சட்டங்களும், அவற்றின் வழியே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களும் இதனை மாற்றின. இதனைக் கடலோர ஊர் ஒன்றைக் கொண்டு விளக்குதல் எளிது. ஆயினும், கடலையே காணாத உள்நாட்டுச் சீமையொன்றிலிருந்து தொடங்குவதே மாற்றத்தின் அளவைப் புலப்படுத்தும். தீர்த்தமலை அத்தகைய சீமையில் உள்ளது.

தீர்த்தமலை இன்று தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டத்தில் உள்ளது. 1965ஆம் ஆண்டில் தருமபுரி தனி மாவட்டம் ஆவதற்கு முன் அது சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயிலும், பாறையினின்று விழும் தீர்த்தங்களும் உள்ளன. இலங்கையினின்று மீண்ட இராமன் இறைவனை வழிபட நீர் வேண்டி அம்பெய்து பாறையைப் பிளந்தான் என்றும், அனுமன் காலந்தாழ்த்துக் கொணர்ந்த கங்கைநீர் எறியப்பட்டுத் தென்பெண்ணைக் கரையில் வீழ்ந்த இடமே அனுமன் தீர்த்தம் என்றும் தலவரலாறு கூறும். கடல் கடந்து மீண்டவன் ஒருவனைப் பற்றிய கதையே இவ்வுள்நாட்டு மலைக்குப் பெயரும் பெருமையும் தந்தது என்பது நினைக்கத்தக்கது. ஆனால் அவன் சென்றது அணை கட்டி, கலமேறி அன்று.

இச்சீமையார்க்குக் கடலைக் காட்டியவை இரண்டு: இருப்புப் பாதையும் பஞ்சமும். சென்னை இராயபுரத்தினின்று 1856ஆம் ஆண்டில் ஆர்க்காட்டுத் திசைக்குத் தொடங்கிய புகைவண்டி, 1860களின் தொடக்கத்திற் சோலையார்பேட்டை வழியாகச் சேலத்தை எட்டியது. தீர்த்தமலைப் பகுதியிலிருந்து நடந்தோ வண்டி பூட்டியோ மொரப்பூரை அடைந்தால், அங்கிருந்து சென்னைக் கடற்கரை ஒருநாட் செலவாயிற்று. அதன்பின் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் வந்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரவர். 1881இல் அவர்கள் ஏறத்தாழ 16 இலட்சமே. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 3 இலட்சத்து 67 ஆயிரவர் குறைந்துள்ளனர். இறந்தோர் எத்துணையர், ஊர்விட்டுப் போனோர் எத்துணையர் என இவ்வெண்கள் பிரித்துக் காட்டவில்லை. வேறு மாவட்டங்களுக்கும், மைசூர்ச் சீமைக்கும், இலங்கைத் தோட்டங்களுக்கும் சென்றோர் பலர். நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் கப்பலேறியோர் அவருள் ஒரு பகுதியினரே. எனினும் சட்டப்படி பெயர், ஊர், வயது எழுதப்பெற்றுச் சென்றவர்கள் இவர்களாதலின், நமக்குத் தடயம் விட்டுச் சென்றவர்களும் இவர்களே.

நேட்டாலுக்குரிய ஒப்பந்தம் ஐந்தாண்டுக் காலத்தது. முதலாண்டில் திங்களுக்குப் பத்துச் சில்லிங்கு கூலி. ஆண்டுதோறும் ஒரு சில்லிங்கு கூடும். உணவும் உறையுளும் முதலாளியின் பொறுப்பு. ஆள்சேர்ப்போர் மாவட்டத்தில் ஆட்களைத் திரட்டி, நீதிபதியின் முன் நிறுத்திப் பதிவு செய்வித்துச் சென்னைக்கு அனுப்புவர். அங்கே 'டெப்போ' எனப்பட்ட தங்குமிடத்தில் மருத்துவர் பார்வையும், குடிபெயர்வோர் காப்பாளரின் உசாவலும் நிகழும். விரும்பியே செல்கின்றனரா என வினவவேண்டும் என்பது சட்டம். வீடு விட்டு வந்து, பிறர் சோறுண்டு, திரும்பக் காசில்லாது நிற்கும் ஒருவர் அவ்வினாவிற்கு என்ன விடை கூறியிருப்பார் என்பதனைச் சட்டம் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

சென்னையில் அக்காலத்துத் துறைமுகம் என ஒன்று இருந்ததில்லை. 1861இல் அமைந்த இரும்புப் பாலமும் புயலாற் கெட்டது. 1870களிற் கட்டத் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தை 1881ஆம் ஆண்டுச் சூறைக்காற்றுச் சிதைத்தது. ஆதலின் கப்பல் கரைக்கு வராது தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் ஏறி, அலை மடங்கி விழும் இடத்தைக் கடந்து சென்றே அதனை அடைதல் வேண்டும். ஆணி அறைந்த படகு அவ்வலையிற் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். உலகின் புதிய பொறியாகிய நீராவிக் கப்பலை அடைதற்கு, மிகப் பழைய மரக்கலத் தொழிலே படியாக நின்றது.

நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலாகிய துரூரோ, 1860 அக்டோபர் 12இற் சென்னையை விட்டு நவம்பர் 16இல் தர்பனை அடைந்தது. அதிற் சென்றோர் 342 பேர். செலவு 35 நாள். பாய்க்கப்பலுக்கும் நீராவிக் கப்பலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிசித்தீவுச் செலவிற் பின்னும் தெளிவாகக் காணலாம். அங்கு முதற்கண் சென்ற இலியோனிதாசு என்னும் கப்பல் 1879 மார்ச்சு 3இற் கல்கத்தாவினின்று புறப்பட்டு மே 14இற் சேர்ந்தது. பாய்க்கப்பல்கள் அவ்வழியில் சராசரி 73 நாளும், நீராவிக் கப்பல்கள் 30 நாளும் கொண்டன. தொடக்கக் காலத்துப் பொறி நிலக்கரியை மிகுதியாக உண்டது. நெடுவழிக்கு வேண்டும் கரியை ஏற்றினால் ஆளுக்கும் சரக்கிற்கும் இடமிராது. 1860களில் ஒருமுறை பயன்பட்ட நீராவியை மற்றோர் உருளையிற் செலுத்தி மீண்டும் வேலைகொள்ளும் கூட்டுப்பொறி நெடுங்கடற் கப்பல்களில் வெற்றி பெற்றபின், கரிச்செலவு குறைந்து, நெடுவழிகளும் நீராவிக்கு வயப்பட்டன. காற்றிற்குக் காத்திருத்தல் ஒழிந்தது.

1890களில் நேட்டாலுக்கு ஆளேற்றிய நீராவிக் கப்பல்களின் பெயர்கள் உம்லாசி, உம்வோட்டி, உம்சிந்தோ, பொங்கோலா என்பன. இவையெல்லாம் நேட்டால், சூலு நாடுகளின் ஆற்றுப் பெயர்கள். தென்பெண்ணைக் கரையார் சூலு நாட்டு ஆறு ஒன்றின் பெயர் தாங்கிய கப்பலேறி அந்நாட்டிற்கே சென்றனர். பொங்கோலாவிற் பொங்கலைத் தேடும் சொல்லாராய்ச்சியாளர் எவரேனும் இருப்பின் ஏமாற்றமே அடைவர்.

கப்பலின் கீழ்த்தட்டில் தனி ஆடவர் முன்புறத்தும், குடும்பத்தார் நடுவிலும், தனிப் பெண்டிர் பின்புறத்தும் இடம்பெறுவது வழக்கம். அரிசி, பருப்பு, நெய், புளி, மிளகாய், கருவாடு முதலியன படி அளந்து கொடுக்கப்பெற்றன. எல்லார்க்கும் சமையல் ஒரே அடுக்களையில் நடைபெறுதலின், ஊரில் ஒருவர் கைச்சோறு ஒருவர் உண்ணாதார் அங்கே உண்டேயாக வேண்டும். கடற்செலவைப் பாவமெனக் கூறியது போதாயனர் முதலிய வடமொழித் தரும நூலார் கொள்கை. தமிழ் நூல்கள் அங்ஙனம் விலக்கவில்லை. தமிழிலக்கணம் விலக்கியது பெண்ணின் கடற்செலவு ஒன்றனையே. அதுவும் பாவமெனக் கூறாது, 'வழக்கம் இல்லை' என்ற அளவில் நின்றது.

இனி அவ்வழக்கத்திற்கு நேர்ந்ததைக் காண்போம். ஆடவரை மட்டும் கொண்டு சென்ற தோட்டங்களில் விளைந்த கேடுகளைக் கண்ட அரசினர், ஒவ்வொரு கப்பலிலும் குறிப்பிட்ட அளவு பெண்டிரும் செல்லவேண்டும் என விதித்தனர். அவ்வளவு பலமுறை மாற்றப்பெற்று, பின்னர் 100 ஆடவர்க்கு 40 பெண்டிர் என நின்றது. பெண்ணின்றிக் கலம் புறப்படலாகாது என்பது புதிய நூற்பா! பழைய விதி 'இல்லை' என்ற இடத்திற் புதியது 'வேண்டும்' என்றது. கணவனுடன் சென்றோர் சிலர். கைம்பெண்டிராயும் கைவிடப்பட்டோராயும் தனியே சென்றோர் சிலர். இவர்தம் பிரிவிற்கு அகத்திணையில் இடம் யாது? தலைவன் பிரியத் தலைவி ஆற்றியிருத்தல் முல்லை, இரங்கல் நெய்தல். தலைவியே கலமேறிப் பிரிந்தாளாயின், ஆற்றியிருப்பார் யார், இரங்குவார் யார்? எனக்குத் தெரிந்தவரை, இக்கேள்வியை எழுப்பாமலே நம் இலக்கிய வரலாறுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கடந்துவிடுகின்றன. பாரதியார் பிசித்தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்டிரைப் பாடினார், அப்பாட்டிலும் நாம் காண்பது தோட்டமே, கப்பல் அன்று.

சொற்களில் மட்டும் அக்கப்பல்கள் தங்கியுள்ளன. மலாய் மொழி நம் 'கப்பல்' என்னும் சொல்லை முன்னரே கொண்டு, நீராவிக் கப்பலை நெருப்புக் கப்பல் எனப் பொருள்படும் 'கபால் அப்பி' என வழங்கியது. 'கூலி' என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்திற் புகுந்தது என்பர் சிலர். குசராத்துக் கோலியர் பெயரினின்று வந்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், செய்த வேலைக்குப் பெறும் ஊதியத்தைக் குறித்த சொல், அதனைப் பெறும் மனிதனுக்கே பெயராயிற்று. பொருள்மாற்றம் பற்றி எழுதுவோர் இதனினும் கொடிய எடுத்துக்காட்டினைத் தேடவேண்டியதில்லை.

தமிழாய்வார் அறியவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. 1896ஆம் ஆண்டின் நடுவிற் காந்தியடிகள் தர்பனினின்று கல்கத்தாவிற்குப் பொங்கோலாக் கப்பலில் வந்தார். 24 நாட் செலவு என்று தம் வரலாற்றிற் குறிக்கின்றார். அக்கப்பலின் மருத்துவர் தந்த தமிழ்க் கற்பிப்பு நூல் ஒன்றைக் கொண்டு, தட்டிலிருந்தவாறே அவர் தமிழ் பயிலத் தொடங்கினார். ஆங்கிலக் கப்பலின் மருத்துவரிடம் தமிழ் நூல் இருந்தமைக்குக் காரணம் ஊகித்தற்கு அரிதன்று. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்திற் சென்ற 1,52,184 பேருள் மூன்றில் இருபங்கினர் சென்னை வழியே சென்றவர்கள்; நோயாளியின் மொழி அறியாது மருந்து கொடுப்பது எங்ஙனம்? காந்தியடிகள் தமிழ் கற்க விழைந்ததற்கும் அம்மக்களே காரணர்.

இனி, நம் மாணவர்க்குரிய மூலம் எது என்பது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, சில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளம் என அவை நிரல்படக் கிடக்கின்றன. அவற்றைச் சமூக வரலாற்றார் எண்ணிக் கணக்கிட்டுள்ளனர். மொழியறிஞர் இன்னும் படிக்கவில்லை என்றே கூறவேண்டும். எழுத்தர் காதாற் கேட்டதனை ஆங்கில எழுத்தில் எழுதினார். லகர, ளகர, ழகர வேறுபாடு அதில் இல்லை. தகரமும் டகரமும் ஒன்றாயின. குறிலும் நெடிலும் மயங்கின. இம்மயக்கத்திற் பிறந்த பெயர்களே இன்று தென்னாப்பிரிக்காவிற் குடும்பப் பெயர்களாய் நிலைத்துள்ளன. முதலியார் 'மூட்லி' ஆனார். படையாட்சி 'படையாச்சி' ஆனார். கவுண்டர் ஒருபால் 'கவுண்டன்' எனவும், ஒருபால் 'கோவெண்டர்' எனவும் ஆனார் என்பர். ஊரில் ஒருவர் பெயரின் பின் ஒட்டி நின்ற பட்டம், அங்கே தலைமுறை தோறும் தொடரும் பெயராயிற்று.

ஊர்ப்பெயரைப் படித்தல் இதனினும் கடிது. சேலம் என்னும் சில்லாப் பெயர் ஐயத்திற்கிடமின்றி விளங்கும். அதன்பின் வரும் தாலுகாப் பெயரை அக்கால எல்லையோடு ஒப்பிடல் வேண்டும். தீர்த்தமலை அன்று ஊத்தங்கரை வட்டத்தினுள் அடங்கியிருந்தது. இன்றைய அரூர் வட்டத்தைக் கொண்டு தேடுவார் அதனைக் காணார். அவ்வட்டத்துச் சிற்றூர்கள் பலவும் பட்டி, அள்ளி, மலை என முடிவன. 'அள்ளி' என்னும் ஈறு, கன்னடத்து 'ஹள்ளி' என்பதன் திரிபாய் இப்பகுதிக்கே சிறப்பாக உரியது. பட்டியலில் ஓர் ஊர்ப்பெயரின் முன்பகுதி சிதைந்திருப்பினும், இவ்வீறு பிழைத்திருக்குமாயின், அப்பெயர்க்குரியார் வடார்க்காட்டினின்று வந்தவரா, தருமபுரிச் சீமையினின்று வந்தவரா எனப் பிரித்தறிய அது துணைசெய்யும். அள்ளி என முடியும் ஊர்களை முதற்கண் தொகுத்து, பழைய வட்டப் பெயர்களோடு வைத்துப் பார்த்து, பின்னரே மலை, பட்டி என்னும் ஈறுகட்குச் செல்லுதல் நலம். ஏனெனில் அவ்வீரண்டும் தமிழகம் எங்கும் உள்ளன.