மீன் தொட்டியில் வேலம்பாசி

ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிஜன் வெளிப்படுவதைக் காட்ட, முகவை நீரில் ஒரு செடியை இட்டு, புனலால் மூடி, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைப்பார்கள் அல்லவா? அந்தச் செடிதான் ஹைட்ரில்லா. தமிழில் வேலம்பாசி. பெயரில் பாசி இருந்தாலும் இது பூக்கும் தாவரமே. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலோ ராஜபாளையத்திலோ வசிக்கும் மாணவர்கள், தண்ணீர் நிற்கும் கண்மாய்களில் இதைத் தேடிப் பார்க்கலாம். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் சிறு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும்; விளிம்பில் நுண்ணிய பற்கள் தட்டுப்படும்.

மீன் தொட்டிக்கு இதைவிட எளிய செடி கிடைப்பது அரிது. அடியில் 5 செ.மீ. உயரத்திற்குக் கழுவிய மணலைப் பரப்புங்கள். 10 செ.மீ. நீளத் துண்டுகள் நாலைந்தை அதில் ஊன்றி, வெளிச்சம் வரும் சன்னலருகே தொட்டியை வையுங்கள். சில நாட்களில் வேர் விட்டுவிடும். மிகுதியாக வளர விடாதீர்கள். பகலில் ஆக்சிஜன் தரும் செடி இரவில் சுவாசிக்க ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கிறது. தொட்டி நிறையச் செடி இருந்தால், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிக்கும்.

ஆகவே அவ்வப்போது நறுக்கியாக வேண்டும். நறுக்கிய துண்டுகளை என்ன செய்வது? உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வேலம்பாசிக்கு விதை தேவையில்லை. ஒரு கணு உள்ள துண்டே புதுச் செடியாகக்கூடும். நல்ல சூழலில் தண்டு நாளொன்றுக்கு 2.5 செ.மீ. வரை நீளும். முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கு ஒளி இருந்தாலே பிழைத்துக்கொள்ளும். சேற்றுக்குள் உண்டாகும் சிறு கிழங்குகள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செடி 15 நாட்களுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 24 முறை இரட்டித்தால் 1,67,77,216 செடிகள்! இடமும் ஒளியும் சத்தும் குறையும்போது இந்தப் பெருக்கம் தணியும். தொட்டியில் கண்ணாடிச் சுவரே எல்லை. ஏரியில்?

இதற்கு விடையைப் புளோரிடாவில் காணலாம். 1950களின் தொடக்கத்தில் மீன் தொட்டிச் செடி வியாபாரி ஒருவர் இலங்கையிலிருந்து வேலம்பாசியை அமெரிக்காவின் அந்த மாநிலத்திற்கு வரவழைத்தார். 1960-ல் அது அங்கே கால்வாயிலும் ஆற்றிலும் காணப்பட்டது. அங்கு பரவியவை பெண் செடிகள் மட்டுமே. துண்டுகளாலும் கிழங்குகளாலுமே அவை பெருகின. படகுகளின் சுழலியில் சிக்கிய துண்டுகள் ஏரிக்கு ஏரி தாவின. 1990களில் ஒரு லட்சம் ஏக்கர் நீர்ப்பரப்பு அதன் பிடியில் இருந்தது. அதைத் தின்னும் ஒரு சிறு ஈயை இந்தியாவிலிருந்து கொண்டுபோய் 1987-ல் அங்கே விட்டார்கள். ஆயினும் செடி முற்றிலும் அடங்கவில்லை.

அதே செடி நம் நாட்டில் ஓரளவு கட்டுக்குள் இருப்பதற்குக் காரணம், அதைத் தின்னும் உயிர்கள் இங்கேயே அதனுடன் வாழ்வதுதான். ஆனால் அயல்நாட்டுத் தொட்டிச் செடிகள் இங்கு வந்தால், நாமும் புளோரிடாவின் நிலையை அடையக்கூடும். 2020-ல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் நீரோடை முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்களால் மூடியது. அழகைக் காண மக்கள் திரண்டனர். பூத்ததோ தென் அமெரிக்கச் செடியான கபோம்பா! மீன் தொட்டிகளுக்காகப் பல நாடுகளில் விற்கப்படும் செடி அது. இத்தகைய செடி கண்மாயில் அடர்ந்தால் மடையில் நீர் ஓடாது. அடியில் வளரும் உயிர்களுக்கு வெளிச்சம் எட்டாது.

எனவே, நறுக்கிய துண்டுகளை மொட்டைமாடியில் மொரமொரவென்று காயவைத்து, பிறகு எருக்குழியில் இடுங்கள். தொட்டி நீரைத் துணியில் வடிகட்டிப் பூச்செடிகளுக்கு ஊற்றுங்கள். வாய்க்காலிலோ, குளத்திலோ, கண்மாயிலோ ஒருபோதும் கொட்டாதீர்கள்.

ஒரு சோதனையும் செய்யலாம். ஒரே ஒரு துண்டை மட்டும் தனிப் பாட்டிலில் வளர்த்து, வாரந்தோறும் கணுக்களை எண்ணி வரைபடத்தாளில் குறியுங்கள். கோடு நேராகச் செல்கிறதா, மேல்நோக்கி வளைகிறதா? இரண்டு மாதத்தில் விடை உங்கள் கையில் இருக்கும்.