எளிமையாக்கப்பட்ட வரித் தாக்கல் நடைமுறை (ஐக்கிய அமெரிக்கா)

எளிமையாக்கப்பட்ட வரித் தாக்கல் நடைமுறை என்பது, வெளிநாடுகளில் வாழும் அமெரிக்கக் குடிமக்கள் தாக்கல் செய்யத் தவறிய வருமான வரி அறிக்கைகளை அபராதமின்றி அளிக்க உதவும் ஏற்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்கா வசிப்பிடத்தை மட்டுமன்றிக் குடியுரிமையையும் அடிப்படையாகக் கொண்டு வரி விதிக்கிறது. எனவே அங்கு பிறந்து குழந்தைப் பருவத்திலேயே வெளியேறியவரும், வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அறிக்கை அளிக்க வேண்டும். பலர் இதனை அறிவதே இல்லை.

2012 இல் தொடங்கிய இந்நடைமுறை 2014 இல் விரிவாக்கப்பட்டது. இதன்படி கடந்த 3 ஆண்டுகளுக்குரிய வரி அறிக்கைகளும், 6 ஆண்டுகளுக்குரிய வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கைகளும் தேவை. (பின்னது, கணக்குகளின் மொத்த இருப்பு 10,000 டாலரைத் தாண்டிய ஆண்டுகளுக்கு மட்டுமே.) தவறு வேண்டுமென்றே நிகழவில்லை எனக் காரணங்களுடன் உறுதியளிப்பதே இதன் முதன்மை நிபந்தனை. வரியும் வட்டியும் செலுத்தவேண்டும். எனினும் வாழும் நாட்டில் கட்டிய வரி கழிக்கப்படுவதால் பலருக்கு நிலுவை எழுவதில்லை. வரித்துறை தணிக்கையைத் தொடங்கிவிட்டால் இவ்வழியைப் பயன்படுத்த இயலாது.