வலியில் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது

தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால், அடுத்த குழந்தை எப்போது, வேண்டுமா வேண்டாமா என்று நிதானமாகப் பேசப் பிரசவ வார்டில் யாருக்கும் நேரமில்லை. ஊசி போடுவது, ரத்தப்போக்கைக் கவனிப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் இருக்கிற ஓரிரு செவிலியர்கள் தலையில். "காப்பர் டி வச்சுக்கிறியாம்மா, ஆபரேஷன் பண்ணிக்கிறியா?" என்பதோடு ஆலோசனை முடிந்துவிடுகிறது. கேட்காமலே வைத்துவிட்டார்கள் என்ற புகார்களும் உண்டு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை சிகிச்சையை நம்பியிருப்போர் 0.1 சதவீதமே. ஆணுக்குச் செய்வதுதான் எளிது, ஆபத்தும் குறைவு என்பதை வார்டில் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

பால் கொடுத்தால் கரு தங்காதா?

பெரும்பாலும் தங்காது, ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், புட்டிப்பால் என்று பழக்கினாலோ, குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நாள் முழுக்க வேலைக்குப் போனாலோ இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடக்கூடும் என்பதால், 'இன்னும் தலைக்கு ஊத்தலையே' என்று இருப்பவர்களும் கர்ப்பமாகலாம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் கரு தங்கினால் தாய்க்கு ரத்தசோகை, குழந்தைக்குக் குறைப்பிரசவம், எடைக்குறைவு என ஆபத்துகள் கூடும்.

என்னென்ன வழிகள்?

காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம்; விட்டால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். தாய்ப்பாலை இது பாதிக்காது. பிரசவத்தை ஒட்டி வைத்தது நழுவி வெளியேற வாய்ப்புண்டு; ஆறாவது வாரம் பரிசோதனைக்குப் போவது அவசியம். காய்ச்சல், கடும் அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு இருந்தால் உடனே போக வேண்டும். 'சாயா' மாத்திரையைப் பால் கொடுப்பவர்கள் பிரசவமானதும் தொடங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி அவர்களுக்கு ஆறு வாரம் கழித்து. வழக்கமான ஹார்மோன் மாத்திரைகள் ஆறு மாதம் வரை வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம்; ஆணுறையும் அப்படியே.

சட்டம் உங்கள் பக்கம்

2012-இல் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் டார்ச் வெளிச்சத்தில், மேசைமேல் கிடத்தி, இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. இதை எதிர்த்து சுகாதார ஆர்வலர் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறுவை சிகிச்சையின் விளைவுகளைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், இலக்கு வைத்து யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய கருத்தடை முகாம்களை நிறுத்த வேண்டும் என்றது.

கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பெண்ணின் சம்மதம் போதும். கணவர் கையெழுத்து தேவை என்று விதி இல்லை. அதேபோல, மாமியாரோ கணவரோ போடும் கையெழுத்து உங்கள் சம்மதம் ஆகிவிடாது. 'வேண்டாம்' என்றால் சிகிச்சையை மறுக்கவோ, வீட்டுக்கு அனுப்பாமல் இழுத்தடிக்கவோ கூடாது. காப்பர் டி ஒத்துவரவில்லை என்றால், காலம் முடியாவிட்டாலும் எடுத்துவிடச் சொல்லலாம்.

தவறு நடந்தால்?

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கரு தங்கினாலோ, பக்க விளைவு ஏற்பட்டாலோ, உயிரிழப்பு நேர்ந்தாலோ அரசின் குடும்ப நல இழப்பீட்டுத் திட்டத்தில் ஈட்டுத்தொகை உண்டு. 90 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அறுவை சிகிச்சைச் சான்றிதழையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கருத்தடை பலிக்காமல் உண்டான கருவை 20 வாரம் வரை, ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. புகாரை மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். 104-இல் விவரம் கேட்கலாம். வழக்கு என்று வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. ஏழாவது, எட்டாவது மாதப் பரிசோதனைக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். "எனக்கு எது பொருந்தும், என்ன பக்க விளைவு, வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது?" என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். முடிவைத் தாய்-சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ வார்டில் யாராவது படிவத்தை நீட்டினால், அட்டையைக் காட்டி "இதைத்தான் முடிவு செய்திருக்கிறேன்" என்று சொல்லலாம். பிறகு மனம் மாறினால், அதையும் சொல்லலாம்.