ஐந்து கிலோவில் ஓர் அட்லாண்டிக்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு, கேப் ஸ்பியர் முனை. 2003 ஆகஸ்ட் 9 அன்று அங்கிருந்து ஒரு மாதிரி விமானத்தைக் கையால் வீசிப் பறக்கவிட்டார்கள். இறக்கை, முனைக்கு முனை சுமார் ஆறடி. ஏறக்குறைய 39 மணி நேரம் கழித்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே அது தரையிறங்கியது. அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் மாதிரி விமானம் அதுதான். 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் எங்கும் நிற்காமல் கடலைக் கடந்து வந்திறங்கியதும் இதே கிளிஃப்டன் பக்கம்தான்.

இதன் பின்னால் இருந்தவர் அமெரிக்கரான மேனார்ட் ஹில். அப்போது வயது 77. பார்வை பெருமளவு போய்விட்டது. காதும் சரியாகக் கேட்காது. முந்தைய முயற்சிகள் தோற்றும் அவர் விடவில்லை.

உலகச் சாதனைக்கான விதிப்படி, எரிபொருளோடு சேர்த்து எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்த வரம்புதான். உடற்பகுதியில் ஒரு கிராம் மிச்சம் பிடித்தால், தொட்டியில் ஒரு கிராம் எரிபொருள் கூடுதலாக ஊற்றலாம். அதனால்தான் பால்சா மரம், மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை, 10 சிசி எஞ்சின். புறப்படும்போது மொத்த எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள்; அளவில் அது நான்கு லிட்டர்கூட இல்லை. ஏற்றுவதும் இறக்குவதும் ரிமோட்டில். நடுக்கடலில் ஜிபிஎஸ் உதவியோடு ஆட்டோபைலட் ஓட்டியது.

சிறிய விமானம் கட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். எடை கூடினால் இறக்கை கூடுதலாகத் தூக்க வேண்டும்; காற்றின் இழுவை கூடும்; பேட்டரி சீக்கிரம் தீரும்; தரையிறங்கும் வேகமும் ஏறும். வாலில் சேரும் எடை இன்னும் கொடியது. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் தூரத்திலும் மூக்கு பக்கத்திலும் இருப்பதால், வாலில் கூடும் ஒரு கிராமைச் சமன்செய்ய மூக்கில் பல கிராம் ஈயம் வைக்க நேரும். வால் பகுதிக்கு இருப்பதிலேயே லேசான பால்சா பலகையைப் பொறுக்குவதும், பசையைச் சொட்டுச் சொட்டாக வைப்பதும் இதனால்தான். வலு வேண்டிய இடம் இறக்கையின் நடுச்சட்டம். கெட்டியான மரம் அங்கே போகட்டும்.

விமானம் கனத்துவிட்டால் பெரிய மோட்டார் வாங்கத்தான் முதலில் கை போகும். அந்த மோட்டார் பெரிய பேட்டரி கேட்கும். எடை மறுபடி ஏறும். புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் அதற்குமுன் கிராம் காட்டும் ஒரு சின்னத் தராசு வாங்கிவிடுங்கள். ஒட்டப்போகும் ஒவ்வொரு துண்டையும் அதில் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.