கூடுதல் டார்க் எந்தச் சக்கரத்துக்கு?

ஹோண்டா சிவிக் டைப் ஆர், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் இரண்டுமே குடும்பக் காரின் உடம்பில் பந்தயக் காரின் வேகத்தை அடைத்த ‘ஹாட் ஹேட்ச்’ வகை. 2017-இல் வந்த டைப் ஆரின் 2 லிட்டர் டர்போ எஞ்சின் ஐரோப்பாவில் 320 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆரின் எஞ்சினும் 2 லிட்டர் டர்போதான். அறிமுகமானபோது 300 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர். எடையிலும் கோல்ஃப் சற்றுக் கூடுதல். ஆனாலும் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட, தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட கோல்ஃபுக்கு 4.9 விநாடி போதும். கைக்கியர் டைப் ஆருக்கு 5.7 விநாடி ஆகிறது. கியர் மாற்றும் வேகம் இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், டைப் ஆரை முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன, கோல்ஃபை நான்கு சக்கரங்களும் தள்ளுகின்றன என்பது. ட்யூனிங் செய்து திறனை ஏற்றும்போது இந்த வேறுபாடு மறைவதில்லை, பெரிதாகிறது.

ட்யூனிங்கின் முதல் படி ரீமேப். எஞ்சினை ஆளும் கணினியின் மென்பொருளை மாற்றி, டர்போ அழுத்தத்தைக் கூட்டி, தீப்பொறி விழும் நேரத்தைத் திருத்துவார்கள். உள்ளே காற்று கூடுதலாகப் போனால் அதற்கேற்ப பெட்ரோலும் கூடுதலாக எரியும். கோல்ஃப் ஆர் இப்படி 360 குதிரைத்திறனைத் தாண்டுவது வழக்கம். டைப் ஆர் 350-ஐ ஒட்டி நிற்கும். டார்க் இரண்டிலும் 450 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். ரீமேப் செய்தவர்கள் முதலில் வியப்பது ஆக்சிலரேட்டர் ‘லேசாகிவிட்டது’ என்பதைத்தான். அதில் ஒரு பங்கு கண்கட்டு வித்தை: மிதியைக் கொஞ்சம் அழுத்தினாலே அதிகம் திறக்கும்படி மென்பொருளில் எழுதியிருப்பார்கள். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பும் இதற்குத் துணைபோகிறது. முடுக்கத்தின் அளவைவிட அது திடீரென மாறுவதே நமக்கு உறைக்கிறது. 3,000 சுற்றுக்குச் சற்று முன் டர்போ ஒரேயடியாக வந்து முதுகைச் சீட்டில் அழுத்தினால், உண்மையில் உள்ளதைவிட வேகமான கார் போலத் தோன்றும்.

மீதிப் பங்கு தரையில் தீர்மானமாகிறது. கூட்டுவதற்கு முன்பே டைப் ஆரிடம் இருக்கும் கணக்கைப் பார்ப்போம். முதல் கியரும் இறுதிக் கியரும் சேர்ந்து 400 நியூட்டன் மீட்டரைச் சுமார் 15 மடங்காக்கி 6,000 ஆக்குகின்றன. சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் என்பதால் தரையில் விழும் இழுவிசை 18,000 நியூட்டன். கார் பாயும்போது எடை பின்னால் சாயும். முன் அச்சிலிருந்து நூறு கிலோவுக்கு மேல் கழன்றுபோகும். மீதியிருக்கும் எடையோடு உலர்ந்த சாலையில் முன் டயர்கள் தாங்குவது சுமார் 8,000 நியூட்டன்தான். அதாவது முதல் கியரில் எஞ்சின் தருவதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உபரி. ரீமேப் அந்த உபரியைத்தான் வளர்க்கிறது. கோல்ஃபிலோ பின்னால் சாய்ந்த எடை வீணாவதில்லை. மின்பம்ப்பால் அழுத்தப்படும் பல தட்டுக் கிளட்ச், டார்க்கில் பாதி வரை பின் அச்சுக்குக் கடத்திவிடும்.

முன் சக்கர இழுப்பில் இன்னொரு தொல்லை உண்டு. சக்கரம் திரும்பும் அச்சுக்கும் சக்கரத்தின் மையத்துக்கும் இடையே சிறு தூரம் இருக்கும். இழுவிசை அந்தத் தூரத்தை நெம்பாகப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்பப் பார்க்கும். இடமும் வலமும் சமமாக இழுத்தால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்ளும். ஒரு பக்கம் குழியில் இறங்கினாலோ ஈரத்தில் ஏறினாலோ ஸ்டியரிங் கையைப் பறித்துக்கொண்டு போகும். ட்யூனர்கள் இதை ‘டார்க் ஸ்டியர்’ என்கிறார்கள். ஹோண்டா முன் சஸ்பென்ஷனை ஷாக் அப்சார்பர் தாங்கும் பாகம், சக்கரத்தோடு திரும்பும் பாகம் என்று இரண்டாகப் பிரித்து, திரும்பும் அச்சைச் சக்கர மையத்துக்கு அருகே கொண்டுவந்தது. 2009-இல் 305 குதிரைத்திறனை முன் சக்கரங்களில் ஏற்றிய ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ஸும் இதே வழியில் போன கார்தான். டைப் ஆருக்கு இது ஆடம்பரமல்ல. அதன் டிஃபரன்ஷியல் பிடிப்புள்ள சக்கரத்துக்கு வேண்டுமென்றே கூடுதல் டார்க்கை அனுப்பும் வகை. இடது வலது சமநிலையை அது தானாகவே குலைப்பதால், நெம்பின் தூரத்தைக் குறைக்காமல் இப்படி ஒரு டிஃபரன்ஷியலைப் பொருத்தினால் ஸ்டியரிங்கின் பறிப்பு இன்னும் கூடும்.

இரண்டாவது கியரில் ஒரு கொண்டை ஊசி வளைவை முடித்து வெளியேறும் கணத்தில் இரண்டு கார்களும் பிரிகின்றன. ரீமேப் செய்த டைப் ஆரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் டார்க் வெளிப்புற முன் சக்கரத்துக்குப் பாய்ந்து, மூக்கை வளைவுக்குள் இழுக்கும். அடுத்து டர்போ முழுதாக வரும். டயரிடம் இருப்பது ஒரே பிடிப்பு. இழுக்கவும் திருப்பவும் அதையே பங்கு போட வேண்டும். இழுப்பு அதிகம் கேட்டால் திருப்பத்துக்கு மிச்சமிராது, கார் வெளியே அகலும். ஆனால் பிடிப்பு முழுதாகத் தீரும் முன்பே டயரைத் தானாக நேராக்கும் விசை குறைந்துவிடுவதால், ஸ்டியரிங் கையில் லேசாகிறது. ஓட்டுபவர் காலைச் சற்றே தளர்த்த அதுவே எச்சரிக்கை. இரண்டு கார்களிலும் ஸ்டியரிங் மின்மோட்டாரால் உதவப்படுவதுதான். எனினும் டைப் ஆரில் இந்தச் செய்தி தப்பாமல் வந்து சேரும்.

கோல்ஃப் ஆரில் அதே வளைவில் சொல்லும்படியாக எதுவும் நடப்பதில்லை; அதுவே அதன் பலமும் குறையும். பின் சக்கரங்கள் பங்கெடுப்பதால் முன் டயர்களுக்குச் சுமை குறைவு, கையில் வரும் செய்தியும் குறைவு. கார் கிளம்பிப் போய்விடும். ஈரச் சாலையில் இந்த அலட்டலில்லாமை பெரிய வரம். பந்தயத் தடத்தில் மட்டும் ஒரு செலவு: இந்தத் தலைமுறையில் உட்புறச் சக்கரத்தை அடக்குவது பிரேக் என்பதால், டார்க் ஏற ஏற அதுவும் சூடேறும். 2020-இல் வந்த எட்டாம் தலைமுறை, பின் அச்சில் இரண்டு கிளட்சுகளை வைத்து, பின்னுக்கு வரும் டார்க் முழுவதையும் வெளிப்புறச் சக்கரத்துக்கே அனுப்ப வழிசெய்தது. பின்பக்கம் வளைவுக்குள் தள்ளுவதை இடுப்பால் உணர முடிந்த முதல் கோல்ஃப் ஆர் அதுதான்.

ஆகவே ட்யூனர்கள் இரண்டையும் ஒரே கோப்பால் ஏற்றுவதில்லை. கோல்ஃபில் வேலை கியர்பாக்ஸ் பக்கம்: கூடிய டார்க்குக்கு வழுக்காதபடி அதன் கிளட்சுகளின் அழுத்தத்தையும் மென்பொருளில் உயர்த்துகிறார்கள். டைப் ஆரில் கியருக்குக் கியர் வரம்பு வைப்பார்கள். முதல் இரண்டு கியர்களில் டர்போ அழுத்தத்தை அடக்கிவைத்து, மூன்றாவதிலிருந்துதான் முழுதாகத் திறந்துவிடுகிறார்கள்.