சுழல்வட்டு டெலிபோன் கற்பிக்கும் பாடம்

பழம்பொருட் கடைகளில், கரிய மேனியும் முகத்தில் 10 துளைகளுமாக வீற்றிருக்கும் மேஜை டெலிபோனைக் கண்டு இளைஞர் சிலர் நகைக்கின்றனர். நகைப்பதற்கு முன் அதன் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நலம் என்பது நமது கருத்து.

ஆதியில் டெலிபோனில் பேச விரும்பியவர், எக்ஸ்சேஞ்சில் அமர்ந்திருந்த ஊழியரைக் கேட்டே பேசவேண்டியிருந்தது. யார் யாரை அழைக்கிறார் என்பது அவ்வூழியருக்குத் தெரியும். இணைப்பதும் இணைக்காததும் அவர் கையில். அமெரிக்காவில் ஈமச்சடங்கு ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர், தமக்கு வந்த அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பப்படுவதாக ஐயுற்றார் என்று சொல்வதுண்டு. இடையாளே வேண்டாத முறையொன்றை வகுத்து, 1891-இல் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு இந்தியானா மாகாணத்து லா போர்ட் நகரில் அது நடைமுறைக்கு வந்தது. 1896-இல் அவருடைய கூட்டாளிகள் சுழல்வட்டை அமைத்தனர்.

வட்டின் வேலை எளிது. துளையில் விரலிட்டுத் தடை வரையில் திருப்பி விட்டால், சுருள்வில்லின் விசையால் அது தானே திரும்பும். திரும்புகையில் கம்பியில் ஓடும் மின்சாரம் விட்டு விட்டு அறும். ஐந்துக்கு 5 முறை, சைபருக்கு 10 முறை. சுழற்றுபவர் அவசரக்காரராயினும், உள்ளிருக்கும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி விநாடிக்கு 10 என்னும் கணக்கைக் காக்கும். மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருமாதலின், வீட்டில் விளக்கு அணைந்தாலும் டெலிபோன் அணையாது. திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர் அதைத் திறந்து பார்க்கலாம்.

நிற்க. நமது தேசத்தின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் எங்கே எழுந்தது? 1913-14-ஆம் ஆண்டில், 700 இணைப்புகளுக்கு இடமுள்ளதாய், சிம்லாவில் எழுந்தது. வெயிலுக்கு அஞ்சி மலையேறிய அந்நிய அதிகாரிகளின் கோடைத் தலைநகரம் அது. வரி கொடுத்தவர் சமவெளியில் இருந்தனர். வசதி மலைமேல் இருந்தது. சுதந்திரம் வந்த மறு ஆண்டே, 1948-இல், பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தோன்றியது. லிவர்ப்பூல் கம்பெனியொன்றின் துணைகொண்டு தொழில் கற்றோம், கற்றதில் இழுக்கில்லை. பின்னர் நம் தொழிலாளரே டெலிபோன்களைச் செய்தனர். இணைப்புக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் கிடைத்த யந்திரம் நம்முடையதாயிருந்தது.

இன்றோ கைப்பேசி இல்லாத சட்டைப்பை அரிது. அதனுள்ளிருக்கும் நுண்சில்லுகளோ பெரும்பாலும் அயல்நாட்டில் பிறந்தவை. உடையவனே அதன் மூடியைத் திறக்க முடியாதபடி ஒட்டி அனுப்புகின்றனர். நாம் அழைப்பவரையும் செல்லுமிடத்தையும் குறித்துக்கொள்ளும் இடையாள், கண்ணுக்குத் தெரியாமல் மீண்டும் வந்துவிட்டான்.

ஆகவே, உதிரிப் பகுதிகளை இங்கே பூட்டுவதோடு திருப்தியடையலாகாது. சில்லுகளை இங்கேயே செய்யும் முயற்சி முழுமை பெற வேண்டும். விலை கொடுத்து வாங்கியவன் தன் பொருளைத் திறந்து சீர்செய்யும் உரிமையைச் சட்டம் காக்க வேண்டும். பிறர் செய்த பூட்டுக்குச் சாவி கேட்டு நிற்பது சுதந்திரமாகாது.